கை வேலைக்குக் காது துணை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னுடன் மேடைக்கு ஒரு ஒயர் கூடையும் வந்திருக்கிறது. "மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அப்படியே வந்துட்டியாடா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். அந்தக் கூடையின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பாகூர் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அம்மா மதியச் சமையலை முடித்துவிட்டுத் திண்ணையில் ஒயரோடு உட்காருவார். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு என்று விரல் தானாக ஓடும். பக்கத்தில் எஸ்.வி. சேகர் நாடக கேசட் ஓடும். அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். அது முடிந்து 'டக்' என்று நின்றதும், "தம்பி, திருப்பிப் போடு" என்று குரல் வரும். கல்யாண வீடுகளில் 'திருவிளையாடல்' ஒலிச்சித்திரம் போடாத ஊர் உண்டா? தருமியாக நாகேஷ் புலம்புவதைக் கேட்டுக்கொண்டே பந்தியில் இலை போட்டவர்கள் நாம். காலையில் ரேடியோவில் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்'. அவர் சிரிக்காமல் நம்மைச் சிரிக்க வைப்பார். அப்பா ஷேவ் பண்ணிக்கொண்டே அதைக் கேட்பார், கன்னத்தில் வெட்டும் வாங்கிக்கொள்வார்.

'ஆடியோ புக்' என்று இன்றைக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது பழைய பழக்கம்தான்.

இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகு அதையே கடற்கரையில் பார்த்தேன். பிள்ளைச்சாவடி மணலில் சாயங்காலம் நடக்கப் போவோம். கிழிந்த வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியால் கண் கண்ணாகச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். மொபைலிலோ ரேடியோவிலோ காமெடி வசனம் ஓடும். சிரிப்பார்கள், ஆனால் வலைக்கண்ணின் அளவு மாறாது. "அண்ணே, கவனம் சிதறாதா?" என்று ஒருவரிடம் கேட்டேன். "இது இல்லேன்னாதான் தம்பி தூக்கம் வரும், கணக்குத் தப்பும்" என்றார்.

அவர் சொன்னதை மனோதத்துவ ஆராய்ச்சியும் சொல்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாக்கி ஆண்ட்ரேட் 40 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 2009இல் வெளியானது. எல்லாருக்கும் சலிப்பூட்டும் ஒரு டெலிபோன் செய்தியைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் சும்மா கேட்டார்கள். மீதிப் பேர் காகிதத்தில் அச்சிட்டிருந்த கட்டங்களையும் வட்டங்களையும் பென்சிலால் நிரப்பிக்கொண்டே கேட்டார்கள். பிறகு கேட்டதை ஒப்பிக்கச் சொன்னபோது, கைக்கு வேலை இருந்தவர்கள் 29 சதவிகிதம் அதிகமாக ஞாபகம் வைத்திருந்தார்கள். கைக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துவிட்டால் மனசு ஊர் சுற்றப் போவதில்லை. கடைசி பெஞ்சில் நோட்டில் படம் வரைந்த நண்பர்களுக்காக இதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன், பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்!

இது உழைப்பாளிகளின் பழைய உரிமையும்கூட. கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்ற, ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துக் கண்ணூரில் 1969இல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்திலும் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் பீடி சுற்றுவார்கள். வாசித்தவருடைய பங்கு பீடியையும் மற்றவர்களே சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கேட்கிற சுகத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

நம் இனத்து ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். இனம் என்று நான் சொல்வது பொறியாளர் இனம். கிரேசி மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் படித்தவர். 1976இல் எஸ்.வி. சேகர் குழுவுக்காக 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். 2019இல் மறையும்வரை நம்மைச் சிரிக்க வைத்தார். அவர் ஓவியம் வரைவார், வெண்பா எழுதுவார் என்பது பலருக்குத் தெரியாது. பொழுதுபோக்கு என்பது வேலை இல்லாதவன் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை. 2021இல் அது கண்ணைத் தொட்டது. சிகிச்சைக்குப் பிறகு ஆள் தெரியும், வாசல் தெரியும், ஆனால் எழுத்து தெரியாது. வாரப் பத்திரிகை வந்ததும் முதலில் ஜோக் பக்கத்தைப் புரட்டுகிறவர், பத்திரிகையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். ஒயர் கட்டும் அதோடு போயிற்று. நான் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு தினமும் போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பேன். "ம்" என்பார். அந்த "ம்" என்னைத் தூங்க விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவனின் 'துப்பறியும் சாம்பு'விலிருந்து ஒரு கதையை வாசித்து மொபைலில் பதிவு செய்து அனுப்பினேன். அசடு என்று எல்லாரும் நினைக்கிற சாம்பு, தற்செயலாகவே துப்புக் கண்டுபிடித்துப் பேர் வாங்குவாரே, அவர்தான். சாயங்காலம் அம்மாவே போன் பண்ணினார். "ஏண்டா, ஜோக்கு வர்றதுக்கு முன்னாடியே நீ சிரிச்சிட்டா நான் எதுக்குடா சிரிக்கணும்?" பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்த முதல் திட்டு. எனக்கு அது கோல்டு மெடல்.

அடுத்த வாரம், "பரண்ல ஒயர் இருக்கு, எடுத்துக் கொடு" என்றார். முடிச்சுக்குக் கண் வேண்டாம், விரல் போதும் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அடியும் மூலையும் போடும்போது எண்ண வேண்டும், அதனால் கதையை நிறுத்திவிடுவார். பக்கம் ஏறும்போது ஒரே மாதிரி முடிச்சு, அப்போது சாம்பு வருவார். ஒரு கதைக்கு இரண்டு வரிசை என்பது இப்போது எங்கள் வீட்டு அளவை.

நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கத்தான் வந்தேன். நம் ஒவ்வொருவர் வீட்டிலும், தெருவிலும், எழுத்து மங்கிப்போன ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் 1934இல் 'பேசும் புத்தகங்கள்' இசைத்தட்டில் வந்ததே பார்வையற்றவர்களுக்காகத்தான். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம்தான் பிடிக்கும். இன்று நம் சட்டைப்பையில் இருக்கிற கருவிக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. வருஷத்துக்கு ஒரு மணி நேரம் உங்கள் குரலைக் கொடுங்கள். நகைச்சுவைக் கதையாகவே வாசியுங்கள், அறிவுரை சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள்.

சட்டம் குறுக்கே நிற்காதா என்று கேட்பீர்கள். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனால் பதிப்புரிமை முடிகிறது. தேவன் மறைந்தது 1957இல். பம்மல் சம்பந்த முதலியார் மறைந்தது 1964இல், ஆகவே அவருடைய 'சபாபதி' நாடகமும் 2025 முதல் எல்லாருக்கும் பொது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. இது போக, பார்வைக் குறையுள்ளவர்களுக்காக லாப நோக்கமில்லாமல் பதிவு செய்வதற்கு 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது.

அனுபவத்தில் கற்ற நாலு விஷயம்: ஃபேனை நிறுத்துங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதன் எதிரே உட்காருங்கள், எதிரொலி வராது. மொபைல் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். நகைச்சுவை வரி முடிந்ததும் ஒரு மூச்சு விடுங்கள், கேட்பவர் சிரிக்க அந்த இடம் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கல்லூரி 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது நமக்கெல்லாம் பெருமை. அதைச் சுற்றிப் பெரிய கைத்தொழில் உலகமும் இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்து மண் பிசையுங்கள். காதில் ஒரு நல்ல கதை ஓடட்டும். அரியர் பேப்பர் கவலை அன்றைக்கு மட்டும் வராது.

இப்போது இந்தக் கூடை. சங்கத்துக்கு அம்மா கொடுத்தனுப்பியது. உற்றுப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் ஒரு முடிச்சு தப்பாக இருக்கும். "பிரிச்சுப் போட்டுடலாமாம்மா?" என்று கேட்டேன். "வேணாண்டா, அது சாம்பு மாட்டிக்கிட்ட இடம். சிரிச்சதுல கை வழுக்கிடுச்சு. இருக்கட்டும்" என்றார்.

இருக்கட்டும்.