அம்மாள் வருத்தம் வந்தால் வீட்டில் என்ன செய்யலாம்



மீள்குடியேறிய கிராமங்களில் மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். "பிள்ளை, இவனுக்கு அம்மாள் போட்டிருக்கு, தண்ணி வார்க்கலாமோ? ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகலாமோ? குற்றமில்லையோ?" என்று ஒரு அம்மம்மா கேட்டார். நான் வைத்தியர் இல்லை. வைத்திய அதிகாரிகளும் குடும்பநல மருத்துவிச்சிமாரும் சொல்லித்தரும் விடயங்களை உங்களிடம் கொண்டுவருவதுதான் எனது வேலை.

கொப்புளிப்பான் என்று நாங்கள் சொல்வது ஒரு வைரசுக் கிருமியால் வரும் வருத்தம். முதலில் காய்ச்சலும் உடல் அலுப்பும் இருக்கும். பிறகு சிவந்த புள்ளிகள் தோன்றி, நீர் கோத்த கொப்புளங்களாகி, காய்ந்து அயறு பிடிக்கும். ஒரே நேரத்தில் எல்லாம் போடாது. இரண்டு மூன்று நாட்களுக்குப் புதிது புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்கும். சின்னமுத்து வேறு, இது வேறு. சின்னமுத்துக்குப் போட்ட தடுப்பூசி கொப்புளிப்பானைத் தடுக்காது.

எங்கள் முன்னோர் இந்த வருத்தத்துக்குப் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய காலத்தில் பெரியம்மையும் இருந்தது. அது வந்த வீட்டில் ஆட்கள் இறந்தார்கள், தப்பியவர்களில் சிலர் கண்ணை இழந்தார்கள். பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆனால் அந்தப் பயமும் அந்தக் கட்டுப்பாடுகளும் கொப்புளிப்பானுக்கு வந்து சேர்ந்துவிட்டன. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பதை யாரும் தடுக்கவில்லை. நேர்த்தியும் வைக்கலாம், மருந்தும் எடுக்கலாம். ஆசுப்பத்திரிக்குப் போனதற்காக எந்தத் தாயும் தன் பிள்ளையைக் கோபிக்கமாட்டாள், அம்மாளும் அப்படித்தான்.

சரி, வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். பிள்ளைக்குப் பெரிய கரைச்சல் கடிதான். தகரக் கூரைக்கும் தறப்பாளுக்கும் கீழே மத்தியானத்தில் வேர்த்தால் கடி இரட்டிப்பாகும். ஆகவே பகலில் பிள்ளையைக் கொட்டிலுக்குள் பூட்டி வைக்காமல், மர நிழலில் பாய் போட்டுப் படுக்க விடுங்கள். தளர்வான பருத்தி உடுப்பு போதும். கம்பளியால் போர்த்த வேண்டாம்.

தண்ணீர் வார்க்கலாம். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று காத்திருக்கத் தேவையில்லை, நாளாந்தம் உடம்பு கழுவலாம். குளிராத, சுடாத தண்ணீர் நல்லது. வேப்பிலையை அவித்து ஆற வைத்த தண்ணீரில் கழுவுவது எங்களுடைய பழைய வழக்கம், அதைச் செய்யுங்கள். வேப்பிலை கிருமியைக் கொன்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. உடம்பு சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் பிள்ளை நித்திரை கொள்ளும், புண்ணும் பழுக்காது. ஒரு வாளி தண்ணீரில் கொஞ்சம் அப்பச்சோடா கலந்தும் கழுவலாம். கழுவிய பிறகு துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கடி கூடிய இடத்தில் நனைத்த சுத்தமான துணியை வைத்தாலும் சுகமாக இருக்கும். கலமைன் லோஷன் கிடைத்தால் பூசுங்கள். கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் படக்கூடாது.

வேப்பங்கொத்தால் மெதுவாகத் தடவுவதும் கேடில்லை, கொத்து கழுவியதாக இருந்தால் சரி. ஆனால் இங்கே ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வேப்பிலை தேடிப் பற்றைக் காணிகளுக்குள் போகாதீர்கள், சிறுவர்களையும் அனுப்பாதீர்கள். மிதிவெடி அபாயப் பலகை நட்ட இடத்திலும், இன்னும் துப்புரவு செய்யப்படாத காணியிலும் நிற்கிற மரம் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அது எங்களுக்கு வேண்டாம். வேப்பிலை கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரே போதும்.

அரைத்த மஞ்சளைத் தடிப்பாக அப்ப வேண்டாம். அது காய்ந்து இழுத்து எரிவைக் கொடுக்கும், புண் பழுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல், சாணம் எதையும் உடைந்த கொப்புளத்தில் வைக்கக்கூடாது, அதனால் ஏற்புவலியும் வரலாம். வேப்பெண்ணெயைச் சிறு பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கவே கூடாது. அது மூளையையும் ஈரலையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். "இயற்கை மருந்துதானே" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நகத்தை ஒட்ட வெட்டிக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி விடுங்கள். கைக்குழந்தை என்றால் இரவில் மெல்லிய துணியால் கையைச் சுற்றி விடலாம். சொறிந்த இடம்தான் பழுக்கும், பழுத்த இடம்தான் தழும்பாகும்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். மாமிசம் வீட்டில் சமைப்பதில்லை என்றால் பரவாயில்லை. ஆனால் உப்பும் இல்லை, பருப்பும் இல்லை என்று வெறும் கஞ்சித் தண்ணீரோடு ஒரு வாரம் விட்டால், ஏற்கெனவே மெலிந்துபோன பிள்ளை இன்னும் மெலியும். பருப்பைக் குழைய அவித்துச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். பயற்றங்கஞ்சி, பால், வாழைப்பழம், இளநீர் எல்லாம் நல்லவை. வாய்க்குள்ளும் புண் வரும் என்பதால் உறைப்பும் புளியும் வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கொதித்தாறிய தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். சத்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு என்று மருத்துவிச்சியிடமோ மருந்தகத்திலோ கேட்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் போகக்கூடாது. டிஸ்பிரின், அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம், கொப்புளிப்பானோடு சேர்ந்தால் அவையும் மூளையையும் ஈரலையும் தாக்கும். புரூபனும் வேண்டாம்.

இனி, யாரை விலக்கி வைப்பது? 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இந்த வருத்தம் கூடாரத்துக்குக் கூடாரம் தாவியதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்று இரண்டு நாட்களுக்கு முன்னரே இது தொற்றத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து அயறு பிடிக்கும்வரை தொற்றும். அதுவரை பள்ளிக்கூடம், தனியார் வகுப்பு, நிவாரண வரிசை எதற்கும் பிள்ளையைக் கூட்டிச் செல்ல வேண்டாம். ஒரே அறையுள்ள கொட்டிலில் பிள்ளையைத் தனியாக வைக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அப்படியானால் பிள்ளையை அல்ல, வீட்டிலுள்ள கர்ப்பிணியையும் பச்சைக் குழந்தையையும் வேறொரு உறவினர் வீட்டுக்கு மாற்றுங்கள். முன்பு கொப்புளிப்பான் வராத கர்ப்பிணிக்கு இது தொற்றினால் நியுமோனியா வரலாம். பிரசவத்தை அண்டிய நாட்களில் வந்தால் பிறக்கும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்து. நோயாளியோடு ஏற்கெனவே இருந்துவிட்டால், கொப்புளம் போடட்டும் என்று பார்த்திருக்காமல் அன்றைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள். புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். பெரிய ஆட்களுக்கு வந்தால் சிறுவர்களைவிடக் கடுமையாக வரும். அவர்களுக்கு ஆசுப்பத்திரியில் கொடுக்கும் வைரசு மருந்து, கொப்புளம் போட்ட முதல் நாளிலேயே தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

மூச்சு விடக் கஷ்டப்பட்டால், எழுப்ப முடியாமல் மயங்கிக் கிடந்தால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், நடக்கும்போது தள்ளாடினால், வலிப்பு வந்தால், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சீழ் வைத்தால், கண்ணில் போட்டால், காய்ச்சல் நான்கு நாளுக்கு மேல் நின்றால் அல்லது விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால் வீட்டு வைத்தியத்தை அத்தோடு நிறுத்துங்கள். பல கிராமங்களில் பின்னேரத்துக்குப் பிறகு பஸ் இல்லை. ஆகவே காலையிலேயே பிள்ளையைப் பார்த்து முடிவெடுங்கள். இரவில் மோட்டார் சைக்கிளோ லான்ட்மாஸ்டரோ யாரிடம் கேட்கலாம் என்பதையும் முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

ஒரு பிள்ளைக்குக் கொப்புளம் போட்ட நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கூட இருந்த மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றியிருந்தால், 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் தெரியவரும்.