யாருடைய பெயரில் மீள்கிறது நகரம்?

(மாணவத் தன்னார்வலர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பேரிடருக்குப் பிறகு: சமூகத் தொழில்முனைவும் தன்னார்வலர்களும்' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பலர் வெள்ளக் காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்கள். சிலர் அதற்கடுத்த கட்டத்துக்கும் போயிருக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவர்கள் சிறுதொழில் தொடங்கத் திட்ட அறிக்கை எழுதித் தருகிறீர்கள், கணக்கு வைக்கக் கற்றுத் தருகிறீர்கள். இந்த வேலையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. இது கடைசியில் யார் கையை வலுப்படுத்துகிறது என்ற கேள்வியைக் கேட்கவே வந்திருக்கிறேன். நகர மீளமைப்பு குறித்த என் முனைவர் பட்ட ஆய்வில் இந்தக் கேள்வியை எனக்குக் கூர்மையாக்கித் தந்த ஊர், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. நகரத்தைக் காக்க அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டியிருந்த கரைகள் உடைந்தன. நகரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. அதனால்தான் இதை 'இயற்கைப் பேரிடர்' என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் பலர் ஒப்புக்கொள்வதில்லை. அப்போது நகர மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். கார் இல்லாதவர்கள் வெளியேற வழியின்றி மாட்டிக்கொண்டார்கள். பாலத்தைக் கடந்து அக்கரைக்கு நடந்துபோக முயன்றவர்களை, பக்கத்து ஊரான கிரெட்னாவின் காவலர்கள் துப்பாக்கியோடு நின்று திருப்பி அனுப்பினார்கள். பேரிடரில் சாதி மறைந்துவிடும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அங்கே நிறம் மறைந்ததா என்பதற்கு அந்தப் பாலம் பதில் சொல்லும்.

அந்த மக்கள் வெறுங்கையோடு இருந்தவர்கள் அல்லர். வெள்ளையர் நிறுவனங்கள் கறுப்பின மக்களுக்குக் காப்பீடு தர மறுத்த காலத்திலேயே, அவர்கள் சந்தா போட்டுச் சங்கம் நடத்தினார்கள். நோய் வந்தால் மருத்துவச் செலவு, செத்தால் அடக்கச் செலவு இரண்டையும் சங்கம் பார்த்துக்கொண்டது. அந்த மரபில் வந்தவைதான் 'சோஷியல் எய்ட் அண்ட் பிளஷர் கிளப்' எனப்படும் மன்றங்கள். ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து 1892-இல் கைதான ஹோமர் பிளெஸ்ஸி அந்த ஊர்க்காரர்தான். அவர் பின்னால் நின்று வழக்கு நடத்திய குடிமக்கள் குழுவும் ஊராரிடம் நிதி திரட்டித்தான் போராடியது. 'சமூகத் தொழில்முனைவு' என்ற சொல் பிறக்கும் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் இவர்கள். யாரும் இவர்களுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

வெள்ளம் வடிந்தபின் என்ன நடந்தது? ஏறத்தாழ 7,500 பள்ளி ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். பள்ளிகள் படிப்படியாகத் தனி நிர்வாகங்கள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளாயின. வகுப்பறைகளுக்கு வெளியூர்ப் பட்டதாரிகள் இரண்டாண்டுச் சேவைக்கு வந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் அவர்கள் உட்கார்ந்த நாற்காலி வேலைநீக்கத்தால் காலியானது.

நான்கு பெரிய பொதுக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 4,500 வீடுகளை இடிக்க 2007 டிசம்பரில் நகர மன்றம் ஒருமனதாக வாக்களித்தது. வெளியே நின்று எதிர்த்த மக்கள்மீது காவல்துறை மிளகுத் தூள் தெளித்தது. சொந்த வீடு இருந்தவர்களுக்கு 'ரோட் ஹோம்' என்ற உதவித் திட்டம் வந்தது. வீட்டின் பழைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகையைக் கணக்கிட்டார்கள். கறுப்பினத்தவர் பகுதியில் இருந்தாலே வீட்டு மதிப்பு குறைவு. ஆகவே ஒரே அளவு வீட்டுக்கு, ஒரே அளவு சேதத்துக்கு, அவர்களுக்குக் கிடைத்தது குறைவு. 2008-இல் வழக்கு போட்டு, 2011-இல் 6.2 கோடி டாலர் உடன்பாடு பெற்றார்கள். அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2000-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட மக்கள்தொகைக் கணக்கை ஒப்பிட்டால், நகரத்தில் ஏறத்தாழ 1,18,000 கறுப்பின மக்கள் குறைந்திருக்கிறார்கள்.

இதே ஆண்டுகளில்தான் நியூ ஆர்லியன்ஸ் 'தொழில்முனைவோரின் நகரம்' என்று பெயர் வாங்கியது. 'ஐடியா வில்லேஜ்' போன்ற அமைப்புகள் வழியாக வணிகக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் வந்து சிறு வணிகர்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். சமூக நிறுவனங்களை வளர்க்க 'ப்ராபெல்லர்' போன்ற இன்குபேட்டர்கள் தொடங்கின. பயன் இல்லாமல் இல்லை. கடை திறக்க முடியாமல் இருந்தவர்கள் திறந்தார்கள். ஆனால் இதே நகர நிர்வாகம், அந்தப் பழைய மன்றங்கள் வீதியில் நடத்தும் இசை ஊர்வலங்களுக்கான காவல்துறைக் கட்டணத்தை ஏற்றியது. மன்றங்கள் நீதிமன்றம் போய்த்தான் குறைக்க வைத்தன. புதிதாக வந்தவருக்கு ஊக்கம், பழையவருக்குக் கட்டணம்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு. லோயர் நைன்த் வார்டு என்பது கறுப்பின உழைப்பாளர்கள் சொந்த வீட்டோடு வாழ்ந்த பகுதி. அங்கே நடிகர் பிராட் பிட் 2007-இல் 'மேக் இட் ரைட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இலக்கு 150 வீடுகள், கட்டியது 109. பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்த வீடுகள். சில ஆண்டுகளில் கூரை ஒழுகியது, மரம் உளுத்தது, சுவரில் பூஞ்சை பிடித்தது. 2018-இல் குடியிருந்தவர்களே வழக்கு போட்டார்கள். 2022-இல் 2.05 கோடி டாலர் உடன்பாடு அறிவிக்கப்பட்டது, பணம் கைக்கு வருவதோ இழுபறியானது. மழை அதிகம் பெய்யும் ஊரில் எப்படி வீடு கட்டுவது என்று அந்தத் தெருவின் கொத்தனாருக்கும் தச்சருக்கும் தெரியும். அவர்கள் சொல்லைக் கேட்டே தீரவேண்டிய கட்டாயம் அந்த அமைப்பில் யாருக்கும் இல்லை.

இதற்கு மாறான வழிகளும் அதே ஊரில் உண்டு. புயல் அடித்த சில நாட்களிலேயே, அல்ஜியர்ஸ் பகுதியில் முன்னாள் பிளாக் பாந்தர் மாலிக் ரஹீம் தம் வீட்டை மையமாக வைத்து 'காமன் கிரவுண்ட்' அமைப்பைத் தொடங்கினார். பாந்தர் என்றதும் உங்களுக்கு 1972-இல் பம்பாயில் பிறந்த தலித் பாந்தர் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் இங்கிருந்துதான் அங்கே போனது. காமன் கிரவுண்ட் ஒரு பள்ளிவாசலில் மருத்துவ முகாம் திறந்தது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வந்து சேறு அள்ளினார்கள். 'தர்மம் வேண்டாம், தோழமை வேண்டும்' என்பது அவர்கள் முழக்கம். வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இளைஞர்கள். உள்ளூர்க்காரர்களை ஓரங்கட்டிவிட்டுத் தாமே முடிவெடுக்கும் பழக்கம் அங்கேயும் தலைதூக்கியது. அதனால் தன்னார்வலர்களுக்கு இனவெறி எதிர்ப்புப் பயிற்சி நடத்தினார்கள். மண்வெட்டி பிடிப்பதற்கு முன் தன் சலுகையைப் புரிந்துகொள் என்றார்கள்.

இன்னொன்று, நகரத்தின் கிழக்கே வாழும் வியட்நாமியச் சமூகம். 2010 எண்ணெய்க் கசிவில் மீன்பிடித் தொழில் முடங்கியபோது, கொல்லையில் காய்கறி போடும் தங்கள் பழக்கத்தையே மூலதனமாக்கி 'வெஜ்ஜி' என்ற விவசாயிகள் கூட்டுறவைக் கட்டினார்கள். வெளியாட்கள் உதவினார்கள். உரிமை உறுப்பினர்கள் கையில் இருந்தது. விற்ற பணத்தில் பெரும்பங்கு விளைவித்தவருக்கே போனது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தன்னார்வலர்களைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மலையாய்க் குவிந்த குப்பையை அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலும் தலித் மக்கள். கையுறையும் காலணியும் இல்லாமல் அவர்கள் வேலை செய்ததைச் செய்திகளில் பார்த்தோம். நம் கையில் சேறு பட்டால் அது சேவை, அவர்கள் கையில் பட்டால் அது 'அவர்கள் வேலை'. இந்தப் பாகுபாட்டுக்குப் பெயர் சாதி.

அதன்பின் வெள்ளத்தைக் காரணம் காட்டி ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலைக்குப் போன அக்காக்களும் தள்ளுவண்டிக் கடை போட்ட அண்ணன்களும் பிழைப்பிடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். நாளைக்கு அதே அக்காவுக்கு நீங்கள் மெழுகுவர்த்தி செய்யப் பயிற்சி கொடுக்கலாம். அவர் முன்பே ஒரு தொழில் வைத்திருந்தார், வாடிக்கையாளர் வைத்திருந்தார், அதை அரசு பறித்தது என்பதைப் பேசாமல் கொடுக்கும் பயிற்சி, வெளியேற்றத்துக்கு வெள்ளையடிப்பதாகவே முடியும்.

ஆகவே தோழர்களே, எந்த நிறுவனத்துக்கு உழைப்பைத் தருவதானாலும் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தாருங்கள். நிறுவனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து? முடிவெடுக்கும் குழுவில் அந்தத் தெருவின் தலித் பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் 'வேண்டாம்' என்றால் திட்டம் நிற்குமா? நீங்கள் சம்பளமில்லாமல் செய்யும் வேலை, உள்ளூரில் யாருக்காவது சம்பளம் கொடுத்துச் செய்யவைத்திருக்க வேண்டிய வேலையா? நீங்கள் கிளம்பியபின் கணக்கு நோட்டு யாரிடம் இருக்கும்?

பதில் சரியில்லை என்றால் விலகிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே இருந்தே கேளுங்கள், கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். வீடிழந்தவர்கள் பட்டா கேட்டுப் போராடும்போது அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் தன்னார்வப் பணிதான். தூய்மைப் பணியாளர்கள் சங்கம் பணி நிரந்தரம் கேட்டு உட்காரும்போது பக்கத்தில் போய் உட்காருவதும் தன்னார்வப் பணிதான். அதற்குச் சான்றிதழ் கிடைக்காது, நாளிதழில் படம் வராது.

அடுத்த மழை வரப்போகிறது. உங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் இப்போதே தன்னார்வலர் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலைப் பூர்த்தி செய்யும் முன், நீங்கள் வேலை செய்யப்போகும் குடியிருப்பின் மகளிர் குழுவையும் சங்கத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். என்ன தேவை என்று அவர்கள் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம்.