விடுமுறைக்கு எந்த வழி?



ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறை தொடங்கியதும், நல்லூர்த் தேரும் தீர்த்தமும் எப்பொழுது என்று பார்த்துக்கொண்டு, குடும்பத்தோடு வாகனமேறிப் புறப்படுவோர் யாழ்ப்பாணத்திற் பலர். எங்கே போவது என்பது பற்றி வீட்டிலே வாதம் நிகழும். எந்த வழியாற் போவது என்பது பற்றியோ எவரும் பேசுவதில்லை. அது சாரதியின் பொறுப்பென்று விட்டுவிடுகின்றோம். அத்தெரிவு நமக்கு இல்லாதிருந்த காலமும் ஒன்றுண்டு. ஏ-9 வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே நமக்குத் திரும்பக் கிடைத்தது. கிடைத்த பின்பும், போன வழியே திரும்பி வருவதுதான் பயணம் என்று நாம் எண்ணுவது ஏன்?

நுவரெலியாவையே எடுத்துக்கொள்வோம். ஆறு நாள் விடுமுறை. வாகனத்தில் ஒரு பாட்டியும் இரண்டு சிறுவரும் இருக்கின்றனர். வழக்கமான திட்டம் கண்டி வழியாகச் சென்று கண்டி வழியாகவே திரும்புவது. அதனைக் காட்டிலும் நல்லதோர் வழி உண்டு. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-5 வீதி அங்கே முடிந்துவிடுவதில்லை. அது வெலிமடை, பதுளை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து, மட்டக்களப்புக்கு அண்மையிலுள்ள செங்கலடியில் வந்து இறங்குகின்றது. குளிர்நாட்டையும் கீழ்க்கடலையும் ஒரே வீதி இணைக்கின்றது என்பதை நம்மவரிற் பலர் கவனிப்பதில்லை.

இவ்வழியை நான் விதந்துரைப்பதற்குக் காரணம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குச் சரிவிலே கொட்டிவிடுகின்றது. இறம்பொடையில் நனைந்துகொண்டு ஏறுபவர் ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கினால், பெரும்பாலும் வெயிலையும் வறண்ட காற்றையும் காண்பார். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவதும் அந்த வறண்ட காற்றே. அதுவே மட்டக்களப்பை அடையும்போது கச்சான் என்று பெயர் பெறுகின்றது. (வறுத்து விற்கும் கச்சானை நினைத்து நாவூறுவோர் சற்றுப் பொறுக்க.) அம்மாதங்களிலே கீழ்க்கடலும் அமைதியாயிருக்கும். மார்கழியில் இதே வட்டத்தைச் சுற்ற எண்ணுவது தவறு. அப்பொழுது மழை கிழக்குக்கு உரியது. அக்காலத்துப் பயணிகள் 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாக மன்னாருக்குப் போகலாம்.

அடுத்தது தூரம். படத்திலே விரலால் அளக்கும் தூரம் மலையிலே செல்லுபடியாகாது. கண்டியிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 77 கிலோமீற்றர்; யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ஆயினும் இரண்டுக்கும் செல்லும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. வளைவுகளிலே சிறுவருக்குக் குமட்டும்; பாட்டிக்கு இடையிடையே இறங்கி நிற்க வேண்டியிருக்கும். ஆகையால் மலையிலே ஒரு நாளுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் வகுக்காதீர்கள். நுவரெலியாவில் இரண்டு இரவு தங்குங்கள். பதுளைக்கு அப்பால் வீதி தாழ்ந்துவிடுவதால், அன்றைக்கே மட்டக்களப்பை அடைவது கடினமன்று. அதிகாலையிற் புறப்பட்டால் மகா ஓயாவின் வெந்நீரூற்றுக்களையும் பார்த்துக்கொண்டு போகலாம். அந்தப் பகுதியில் அந்தி சாய்ந்தபின் யானை வீதிக்கு வரும். அதற்கு முன்னரே கடந்துவிட வேண்டும்.

மலையில் இரவுப் பயணத்தை அறவே விலக்குங்கள். 2025 மே மாதத்தில், இதே ஏ-5 வீதியில், கொத்மலைப் பகுதியில், விடியுமுன் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலைநாட்டு வீதிகள் பலவற்றை மண்சரிவினாற் சிதைத்தது. எனவே போகும் வழி திறந்திருக்கின்றதா என்பதை, புறப்படுமுன் அவ்வூர்ப் பொலிஸ் நிலையத்தில் விசாரித்தறிவது நன்று. இறங்கும்போது சிறிய கியரிலே செல்லும்படி சாரதியிடம் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சீகிரியாவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தம்புள்ளையிலிருந்து அண்மைதான். ஆனால் பாட்டியைக் கீழே வெயிலில் இருத்திவிட்டு மற்றவர்கள் ஏறுவது விடுமுறையாகாது. அதை மற்றொரு பயணத்துக்கு வையுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர் வழியாகக் கரையோரமாகவே செல்லலாம். முன்னர் இவ்வழியில் நீர்த்துறைகள் பல குறுக்கிட்டன. வாகனங்களை ஏற்றிக் கடத்தும் மிதவையைக் கிழக்கு மக்கள் ‘பாதை’ என்றே அழைப்பர். பாதை வராவிட்டாற் பாதை இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலமும், பின்னர் ஏனைய பாலங்களும் திறந்தபின் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. வெருகல் முருகன் கோயிலில் இறங்கி வணங்கிவிட்டுச் சென்றாலும் நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் திருகோணமலை சேரலாம். கோணேசர் கோயிலுக்கு மாலை போதும்.

ஆறாம் நாட் காலையிற் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நீராடிவிட்டு, ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவை அடைந்தால் ஏ-9 மீண்டும் எதிர்ப்படும். மறுநாட் பாடசாலை தொடங்குவதாயின், பிற்பகல் ஒரு மணிக்கு முன்னரே திருகோணமலையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.