கிணற்றடி அறை



தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வந்து அங்கே குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களை அது வரிசையாகச் சொல்லுகிறது. பெயரோடு நின்றுவிடவில்லை. இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவரின் இருப்பிடத்தையும் குறிக்கிறது. சிறகு என்பது தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்றும் அக்கல்வெட்டிலிருந்து தெரிகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அப்பெண்களின் வீடு நமக்குத் தெரியும். ஆனால், நம் தந்தையைப் பெற்றவரின் தாய் எந்த வீட்டில் கண்மூடினார் என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்லக் கூடும்?

இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்காகவே இருந்து வந்தது. என் பாட்டனாரின் தாயார் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, காவிரியின் தென்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். இளமையிலேயே கணவரை இழந்து, மூன்று ஆண் மக்களை வளர்த்து ஆளாக்கியவர். அவர் மூத்த மகனின் பெரிய வீட்டுக் கூடத்தில், பேரன் பேத்திகள் சூழ உயிர் நீத்தார் என்பது மூத்த கிளையினரின் கூற்று. 'இல்லை, அயலார் வீட்டுக் கிணற்றடியில் போய்ச் சேர்ந்தார்' என்பது என் அத்தையின் கூற்று. கலியாண வீடுகளில்கூட இப்பேச்சு எழுந்து, முகங்கள் சிவந்ததுண்டு. ஓய்வு பெற்ற பிறகு உண்மை எது என்று காண நான் முற்பட்டேன். அவ்வாறு தேடிய வழியைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் நாடவேண்டியது முதியோரின் நினைவை. அவர்கள் ஆங்கிலத் தேதி சொல்லமாட்டார்கள். ஆயினும் காலத்தை அறியாதவர்கள் அல்லர். 'பெரிய வெள்ளம் வந்ததற்கு மறு வருஷம், தை மாதம்' என்றார் அத்தை. காவிரியில் அப்பெருவெள்ளம் வந்தது 1924 ஜூலையில். அது ரக்தாட்சி வருடம். அதற்கு அடுத்தது குரோதன. குரோதன வருடத்துத் தை மாதம் என்பது 1926 ஜனவரியில் தொடங்குவது. இங்கே ஓர் எச்சரிக்கை: தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 1925-இல் பிறந்ததும் குரோதன. 1985-இல் பிறந்ததும் குரோதன. எனவே வருடப் பெயர் ஒன்றை மட்டும் நம்பாமல், வெள்ளமோ புயலோ கொள்ளை நோயோ ஏதேனும் ஒரு நிகழ்ச்சியைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எந்த அலுவலகத்தில் தேடுவது என்பது. எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாவட்டந்தான் மாறிக்கொண்டே வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த அது 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும், 2020-இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கும் உரியதாயிற்று. பழைய பத்திரங்களில் மயிலாடுதுறை என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. மாயவரம் என்றோ மாயூரம் என்றோதான் காணப்படும். கிராமக் கணக்குகளை வழிவழியாக வைத்திருந்த கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. அக்கணக்குக் கட்டுகளிற் பல தாலுகா அலுவலகத்தை அடைந்தன. சில பரண்களில் தங்கிவிட்டன. நான் நாடிய ஆண்டின் இறப்புப் பதிவேடு, தொட்டால் உதிரும் நிலையில், செல்லரித்துக் கிடந்தது. அந்த வழி அதோடு அடைபட்டது.

நில வரிக் கணக்குகளைப் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அக்கணக்குகள் வயலை அறியும், வீட்டை அறியா. ஏனென்றால் அவை வரிக்காக எழுதப்பட்டவை. நன்செய் எத்தனை மா, புன்செய் எத்தனை குழி என்று துல்லியமாகச் சொல்லும் பதிவேடு, மக்கள் குடியிருந்த பகுதிக்கு வந்ததும் 'கிராம நத்தம்' என்று ஒரே எண்ணிட்டு நகர்ந்துவிடும். நத்தத்துக்கு வரி இல்லை. ஆகவே அதற்குள் யார் வீடு எது என்ற விவரமும் இல்லை. நத்தத்தை மனை மனையாக அளந்து பட்டா கொடுக்கும் வேலை மிகப் பிற்காலத்தில் நடந்தது.

எஞ்சியிருந்தது சார்பதிவாளர் அலுவலகம். பத்திரங்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் இந்நாட்டில் 1864-இல் வந்தது. பின்னர் 1908-இல் விரிவான சட்டமாயிற்று. அதன்படி அசையாச் சொத்துப் பற்றிய பத்திரங்களின் நகல் முதற் புத்தகத்தில் எழுதப்படும். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: ஒன்று ஆட்களின் பெயர்வழி, மற்றொன்று சொத்தின் வழி. பெயர் அட்டவணையில் கொள்ளுப்பாட்டியைத் தேடினேன், இல்லை. அவருடைய காலத்தில், ஆண் மக்களையுடைய விதவைக்குக் கணவனின் சொத்தில் பங்கு கிடையாது. உணவும் உடையும் இருக்க இடமும் பெறும் உரிமை மட்டுமே உண்டு. வரம்புக்குட்பட்ட பங்குரிமையை 1937-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது; முழு உரிமை 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் வந்தது. சொத்தில்லாதவருக்குப் பத்திரம் ஏது? அவரை அவருடைய பெயரில் தேடிப் பயனில்லை என்று தெளிந்து, மக்களின் பெயரில் தேடினேன்.

1913-இல் எழுதப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் அகப்பட்டது. மூன்று மக்களும் நிலத்தையும் வீட்டையும் பிரித்துக்கொள்கிறார்கள். பல பக்கங்கள் கடந்த பின் ஒரு விதி வருகிறது. மூன்றாம் மகன் பாகத்தின் கொல்லைப்புறத்தில், கிணற்றுக்கு மேற்கே, ஏழு முழ நீளமும் ஐந்து முழ அகலமும் உள்ள அறையில் தாயார் தம் ஆயுள் வரையில் வசிக்கலாம். ஆண்டுதோறும் மக்கள் மூவரும் தலைக்கு எட்டுக் கலம் நெல் அளக்க வேண்டும் என்பது அதன் பொருள். அப்பத்திரத்தில் வயல்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. தாயாருக்குத் 'தாயார்' என்பதே பெயர்.

அந்த மூன்றாம் மகன்தான் என் பாட்டனார். அவர் 1922-இல் தம் பாகத்தை விற்றுவிட்டு, வேலை தேடி வேற்றூர் சென்றார். அந்தக் கிரயப் பத்திரமும் கிடைத்தது. தாயாரின் ஆயுள் வரையில் கிணற்றடி அறையை அவருடைய வாசத்துக்கு விட்டுவைப்பதாக வாங்கியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக, வீடு கைமாறியது, அறையிலிருந்தவர் அசையவில்லை.

வீடு எது என்று கண்டது அடுத்த படி. பத்திரத்தின் உயிர்நிலை நான்கெல்லையில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும். 'இன்னார் மனைக்குக் கிழக்கு' என்றால், அந்த இன்னார் மனை கிழக்கே இருக்கிறதென்று பொருளன்று. நமது மனை அவருடைய மனைக்குக் கிழக்கே இருக்கிறதென்று பொருள். ஆட்கள் மாறுவார்கள், ஆகையால் பக்கத்து மனையின் பத்திரத்தையும், அதற்கடுத்த மனையின் பத்திரத்தையும் எடுத்து, நகராத எல்லை ஒன்று வரும்வரை தொடர வேண்டும். நான்காவது பத்திரத்தில் கோயில் குளத்தின் வடகரை வந்தது. குளம் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து மனைகளை எண்ணிக்கொண்டே வந்து அந்த வீட்டின் திண்ணையில் ஏறினேன். இப்போதைய உரிமையாளர் அன்போடு உள்ளே அழைத்துச் சென்றார்.

கட்டடமும் ஓர் ஆவணமே. ஆயினும் அதையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். முன்கட்டுக் கூரையில் மங்களூர் ஓடு. ஓட்டின் அடிப்புறத்தில் பாசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற எண்ணும் இருந்தன. அது ஓடு செய்த ஆண்டன்று. மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. முற்றத்தின் நடுவே ஒரு சுவர் ஓடுகிறது. பழைய சுவரோடு அது சேருமிடத்தில் செங்கற்கள் ஒன்றோடொன்று கோத்துப் பிணையவில்லை. வெறுமனே முட்டி நிற்கின்றன. பழைய மாடப்பிறை ஒன்றில் பாதியை அச்சுவர் மறைத்திருக்கிறது. முன்பே இருந்த வீட்டைப் பின்னால் பிரித்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? கொல்லையில் கிணறு, அதற்கு மேற்கே, நாட்டோடு வேய்ந்த தாழ்ந்த அறை. அளந்தேன். நீளம் பத்தரை அடி, அகலம் ஏழேகால் அடி. முழத்துக்கு ஒன்றரை அடி வைத்துப் பாருங்கள். பத்திரம் சொன்ன ஏழும் ஐந்தும் ஏறக்குறையச் சரியாக வரும். உள்ளே வைக்கோலும் வறட்டியும் அடுக்கியிருந்தார்கள். சுவரில் ஒரு விளக்குப் பிறை. அதன் மேல் இன்னும் அழியாத புகைக்கரி.

ஆனால், அங்கே வசிக்க உரிமை இருந்தது என்பதும், அங்கேயே வசித்து இறந்தார் என்பதும் ஒன்றல்ல. உரிமையை விட்டுவிட்டு மூத்த மகன் வீட்டுக்குப் போயிருக்கலாமே? இந்த ஐயத்தைத் தீர்த்தது 1927-ஆம் ஆண்டு அடமானப் பத்திரம். வீட்டை வாங்கியவர் அதை ஈடு வைத்துக் கடன் பெறுகிறார். கடன் கொடுப்பவர், சொத்தில் வில்லங்கம் ஏதும் உண்டா என்று கேட்பாரல்லவா? அதற்கு மறுமொழியாக, முன் உரிமையாளரின் தாயார் மேற்படி அறையில் வசித்து வந்து, குரோதன வருடம் தை மாதம் அங்கேயே காலமாகிவிட்டபடியால், அந்த வில்லங்கம் நீங்கியது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. மூன்று மக்களைப் பெற்று வளர்த்த ஒரு பெண்மணியின் மரணத்தை இவ்வுலகில் எழுதிவைத்த ஒரே வரி அதுதான். அதில் அவர் தாயும் அல்லர், பாட்டியும் அல்லர். ஒரு சொத்தின் மேலிருந்து நீங்கிய வில்லங்கம். எழுதியவர் மீது குற்றமில்லை. சட்டம் கேட்ட கேள்விக்கு அவர் விடை எழுதினார். அந்தக் கேள்வி எழாதிருந்தால் அந்த ஒரு வரியும் நமக்குக் கிடைத்திராது.

கதை அத்துடன் முடியவில்லை. அவ்வீட்டு முதிய மருமகள், எண்பது கடந்தவர், தம் மாமியார் 'கிணற்றடிப் பாட்டி' என்று ஒருவரைப் பற்றி அடிக்கடி பேசியதாகச் சொன்னார். பிள்ளைகளை அறை வாசலில் உட்காரவைத்து அந்தப் பாட்டி வாய்பாடு சொல்லிக்கொடுப்பாராம். காகிதம் வில்லங்கம் என்று சொன்னவரை, அயலார் வீடு பாட்டி என்று நூறாண்டு நினைவில் வைத்திருக்கிறது. பத்திரங்களின் நகலை மூத்த கிளையைச் சேர்ந்த அண்ணனிடம் கொடுத்தேன். மூன்று முறை படித்தார். பின்னர், தமக்கும் ஒரு நகல் வேண்டும் என்றார். இப்போது கலியாண வீடுகளில் அந்தப் பேச்சு எழுவதில்லை.

மாணவ நண்பர்களே! ஆவணம் பொய் சொல்லாமலிருக்கலாம். ஆனால் கேட்டதற்கு மட்டுமே அது விடை சொல்லும். நிலம் யாருடையது, வரி எவ்வளவு, கடனுக்குப் பொறுப்பு யார் என்பவையே அது கேட்டறிந்த செய்திகள். அடுப்பை மூட்டியவர் யார், வாய்பாடு சொல்லித் தந்தவர் யார் என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால் இன்றே அவரருகில் அமருங்கள். அவருடைய பாட்டியின் பெயர் என்ன, அவர் எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த அறையில் இருந்தார் என்று கேளுங்கள். ஒரு குறிப்பேட்டில் எழுதி, எழுதிய நாளையும் சொன்னவர் பெயரையும் கீழே குறியுங்கள். தஞ்சைக் கல்வெட்டு அந்த நானூற்றுவருக்குச் செய்ததை, உங்கள் வீட்டார் ஒருவருக்கேனும் நீங்கள் செய்தவர்களாவீர்கள்.