கம்யூனிட்டி என்ற கட்டம்

(ஐ.டி. ஊழியர்களும் ஆய்வு மாணவர்களும் கூடிய வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆய்வுக்கு வருவதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஒரு தனியார் நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் வேலை பார்த்தேன். புதிதாகச் சேருபவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்து, ஆன்லைன் படிவத்தை நிரப்ப வைப்பது என் வேலை. ஆதார், பான், பாஸ்புக், மார்க் ஷீட், டி.சி. எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அந்தப் படிவத்தில் 'கம்யூனிட்டி' என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது கட்டாயம். இட ஒதுக்கீடே இல்லாத நிறுவனத்துக்கு அது எதற்கு என்று நான் கேட்டதில்லை. யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்ட பழைய படிவம்.

ஒருநாள், கல்லூரி முடித்து நேராக வேலைக்கு வந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, இத மட்டும் விட்டுடலாமா?" ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அதே கட்டத்தை அதே தயக்கத்தோடு நிரப்பியவள்தான் நானும். ஆனாலும், "விட்டா சப்மிட் ஆகாதும்மா" என்றேன். நிரப்பினார். இரண்டு மாதம் கழித்து, மருத்துவக் காப்பீட்டுக்கு விவரம் சரிபார்க்கச் சொல்லி அவருடைய டீம் முழுவதற்கும் ஒரு எக்செல் ஷீட் மெயிலில் போனது. பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு முகவரி, கம்யூனிட்டி. தேவையில்லாததை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும் என்று அனுப்பியவருக்குத் தோன்றவில்லை. அனுப்பியது நான்தான்.

ஐந்தாவது மாதம் அவர் வேலையை விட்டார். விலகல் படிவத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தார். அந்த ஷீட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை என்பதுதான் சரி.

தரவுப் பாதுகாப்பு என்றதும் நமக்கு ஹேக்கர், ஓ.டி.பி. மோசடி என்றுதான் நினைவுக்கு வருகிறது. என் கையால் போன அந்த மெயிலும் தரவுக் கசிவுதான். சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்று பார்ப்போம்.

2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவு மசோதாவில், கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தரவுகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. உடல்நலம், பாலியல் வாழ்வு, மத நம்பிக்கை ஆகியவற்றோடு 'சாதி அல்லது பழங்குடி' என்பதும் அதில் இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. கடைசியில் நிறைவேறிய 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. இந்தச் சட்டத்துக்கு உங்கள் சாதியும் உங்கள் செருப்பின் அளவும் ஒன்றுதான்.

அடுத்தது பிரிவு 7. வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்தோ சட்டப் பொறுப்பிலிருந்தோ காப்பதற்காகவும் ஊழியரின் தரவை அவர் ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்தலாம். சம்பளம் போட வங்கிக் கணக்கு எண் வேண்டும், அதற்குத் தனியாக ஒப்புதல் எதற்கு என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் பிரிவுகள் 11, 12 சொல்வதைக் கவனியுங்கள். 'என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு, திருத்து, அழி' என்று கேட்கும் உரிமை, ஒப்புதல் கொடுத்தவருக்கு மட்டுமே. ஒப்புதலே கேட்கப்படாத ஊழியர், பார்க்கவும் கேட்க முடியாது.

பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் வராது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. 'அற்பமான' புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். அற்பம் எது என்று முடிவு செய்வது நாமல்ல.

விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முதலாளிகளின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதனால் இப்போது நிறுவனங்களுக்கு 'கம்ப்ளையன்ஸ்' வகுப்பு எடுப்பது தனித் தொழிலாகிவிட்டது. நான் பார்த்த செக்லிஸ்ட் எதிலும் சாதி என்ற சொல்லே இல்லை. அதே நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆளெடுப்பதில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. சாதியைப் பற்றி அங்கேயும் பேச்சில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். வேலையில் சேர விடாமல் தடுப்பதும் அதில் குற்றம்தான், ஆனால் தடுத்தவரைக் காட்ட வேண்டும். 'ஷார்ட்லிஸ்ட் ஆகவில்லை' என்ற மெயிலில் யாரைக் காட்டுவது?

சரி, அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் போதுமா? தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் டி.சி.யில் ஒரு வரி இருக்கிறது. ஆதார் முகவரியில் 'காலனி' இருக்கிறது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில்தான் முதலமைச்சர் அறிவித்தார். பின்னணி சரிபார்ப்புக்குத் தெருவுக்கே வந்து விசாரிப்பவருக்கு ஊரா சேரியா என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்வெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித், இஸ்லாமியப் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது.

கடல் தாண்டினாலும் இதே கதைதான். 2020இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு மேலாளர்கள் மீதும் கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று வழக்குப் போட்டது. ஒரு தலித் பொறியாளர் இட ஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.க்குப் போனவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் அரசே விலக்கிக்கொண்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். புகார் கொடுத்தவர் தன் பெயரை மறைத்து வழக்கு நடத்தலாமா என்ற கேள்வியே மேல்முறையீடு வரை போனது. சாதி வெளியே தெரிந்ததால் வந்த வழக்கை, பெயர் தெரியாமல் நடத்த வேண்டிய நிலை!

கட்டத்தை எடுப்பது நிறுவனங்களுக்கும் பிடிக்கும். 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை, அந்த விவரமே எங்களிடம் இல்லை' என்று சொல்லிவிடலாம். மேலாளர்களில் எத்தனை பேர் தலித்துகள், பழங்குடிகள் என்று கேட்டால் 'அது தனிநபர் தரவு' என்று கதவைச் சாத்தலாம். இங்கேதான் நாம் ஏமாறக் கூடாது. தனியாளின் சாதியை மறைக்க வேண்டும், நிறுவனத்தின் சாதியைக் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கை.

முடியாத காரியம் அல்ல. தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி, ஒவ்வொரு பதவி நிலையிலும் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று முதலாளிகள் அரசுக்குக் கணக்கு கொடுக்கிறார்கள். ஊழியர் தன் இனத்தைத் தானே எழுதித் தருகிறார். அங்குள்ள 2013ஆம் ஆண்டின் தரவுச் சட்டம் இனத்தைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைக்கிறது. பாகுபாட்டால் பின்தள்ளப்பட்டவர்களை முன்னேற்றும் சட்டங்களுக்காக வழிவிடுகிறது. அதனால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கணக்கு இருந்தால் சண்டை போட ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

இங்கே முதல் வேலையாக, சாதி விவரம் மற்ற விவரங்களோடு ஒரே ஷீட்டில் இருக்கக் கூடாது. எழுதுவதா வேண்டாமா என்பது ஊழியரின் விருப்பம். பெயரோடு சேர்த்து அதை மேலாளர் பார்க்க முடியக் கூடாது. டி.சி. நகல் எதற்கு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள், பட்டச் சான்றிதழ் போதுமே. தொழிற்சங்கத்தில் இருக்கும் தோழர்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் அலுவலகத்தில் சேரும்போது நிரப்பிய படிவத்தின் நிரப்பாத பிரதி ஒன்று கிடைத்தால் கொண்டுவாருங்கள். நிறுவனத்தின் பெயரை அடித்துவிடுங்கள். எத்தனை படிவங்களில் அந்தச் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்ப்போம்.