வட்டத்தின் இரண்டு பாதிகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"சினிமா பத்திப் பேசுங்க சார்" என்றார் செயலாளர். படம் தொடங்கும் முன் சில விநாடிகள் வந்துபோகும் ஒரு சின்னத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

புரூஸ் லீயைத் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. அவர் ஒரு படக் கம்பெனியின் பங்குதாரராகவும் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஹாங்காங்கில் ரேமண்ட் சௌவின் கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்துக்கு அவர் முதலில் இரண்டு படம் நடித்தார். இரண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் 15,000 அமெரிக்க டாலர். 'தி பிக் பாஸ்' (1971), 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' (1972) இரண்டும் வசூலை வாரிக் குவித்தன. சம்பளக்காரர் பங்காளி ஆனார். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் கான்கார்டு. சீனப் பெயருக்கு 'இணக்கம்' என்று பொருள் சொல்லலாம். கலை லீயின் பொறுப்பு; நிர்வாகம் சௌவின் பொறுப்பு.

சின்னம் என்ன தெரியுமா? யின்-யாங் வட்டம். வழக்கமான கருப்பு வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பும் பொன்னிறமும். ஒன்றுக்குள் ஒன்று வளைந்து பொருந்திய இரண்டு பாதிகள். தத்துவம் படித்த மனிதர் இல்லீங்களா!

அந்தக் கம்பெனிக்காக 'தி வே ஆஃப் தி டிராகன்' (1972) படத்தை அவரே எழுதி, இயக்கி, நடித்தார். 1973 ஜூலை 20 அன்று காலமானார். வயது 32. 'என்டர் தி டிராகன்' வெளிவந்தது அடுத்த மாதம்.

அவர் பாதியில் விட்ட 'கேம் ஆஃப் டெத்' 1978-ல் வந்தது. கதையையே மாற்றி, வேறு ஆட்களை அவராக நடிக்க வைத்தார்கள். அவர் எடுத்த சண்டையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் மிஞ்சியது. நிஜமான இறுதிச் சடங்குக் காட்சியைக்கூடக் கதையில் சேர்த்தார்கள். கம்பெனி பெயர் அதேதான். வட்டத்தில் ஒரு பாதி இல்லை.

தம்பிகளே, தங்கைகளே, நாளைக்கு நீங்களும் நண்பர்களோடு தொழில் தொடங்குவீங்க. உழைப்புக்குச் சம்பளம் கேளுங்க, பங்கும் கேளுங்க. கூடவே ஒன்று: பங்காளி இல்லாத நாளில் அவன் வேலையை எப்படி முடிக்கணும் என்பதையும் இருவரும் உட்கார்ந்து எழுதி வெச்சுக்குங்க. இணக்கம் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது.