உறங்கும் விதை



தாவரங்களின் உறக்கத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கும் நான் விஞ்ஞானம் கற்றவனல்லேன், கலைப்பட்டதாரி. இப்பொருளை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். அதனை எழுதியவனும் நானே.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், குளத்து நீரை நம்பி இரு போகம் செய்யும் சிற்றூரொன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, சிறுபோகத்துக்கென ஒரு கமக்காரர் தம் அயலவரிடம் விதைநெல் வாங்கினார். ஊறவைத்துச் சாக்கிற் கட்டினார். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்த்தபோது, அங்கொன்றும் இங்கொன்றுமாகவே முளை கண்டிருந்தது. "மாஸ்டர், பழுதுபட்ட நெல்லைத் தந்து என்னை ஏமாற்றிப்போட்டான். ஒரு முறைப்பாடு எழுதித் தாருங்கோ" என்று என்னிடம் வந்தார். நானும் சொல்லலங்காரத்தோடு எழுதிக் கொடுத்தேன். ஊறிய நெல் மாட்டுக்குப் போயிற்று. கடன்பட்டு வேறு விதை வாங்கினார். இளமை முதல் ஒரே வாய்க்காலில் முறைவைத்து நீர் பாய்ச்சிய இருவரும் முகம் பாராதவராயினர்.

ஏறத்தாழ ஆறு வாரங்கள் சென்றன. வித்து முளைத்தல் என்னும் பாடத்துக்காகப் பிள்ளைகளை வீட்டிலிருந்து தானியம் கொண்டுவரச் சொன்னேன். அக்கமக்காரரின் மகள் ஊறவைக்காது மிஞ்சிக்கிடந்த அதே நெல்லில் ஒரு பிடி கொண்டுவந்தாள். ஈரத்துணியில் இட்ட நெல், நாலாம் நாள் பச்சைப் பாய் விரித்தாற்போல முளைத்து நின்றது. நெல் பழுதன்று, அதன் காலம் வந்திருக்கவில்லை. பாடம் கற்றவர் பிள்ளைகள் மட்டுமல்லர்.

நேயர்களே, நிகழ்ந்தது யாது? தாவர உடல் கலங்களாலானது. ஒரு கலம் இரண்டாகப் பிரிவதும், பிரிந்தவை பருத்து நீள்வதுமே வளர்ச்சி. பிரியுமுன் கலம் தன் மரபுப்பொருளைப் படியெடுத்தல் வேண்டும். இங்கிலாந்தில் அல்மா ஹோவார்ட், ஸ்டீபன் பெல்க் என்னும் இருவர், அவரையினச் செடியொன்றின் வேர்நுனியைக் கதிரியக்கப் பொசுபரசின் துணையோடு ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். படியெடுக்கும் வேலை எந்நேரமும் நடப்பதன்று. அதற்கென ஒரு காலப்பகுதி உண்டு. அதற்கு முன்னும் பின்னும் ஓர் இடைவெளி உண்டு என்பதே அவ்வுண்மை. பெரும்பாலும் அந்த முதல் இடைவெளியிலேயே, தொடர்ந்து செல்வதா, நிற்பதா என்பது கலத்தில் முடிவாகின்றது.

விதை முற்றும்போது நீர் வற்றுகின்றது. அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோன் அதனுள்ளே மிகுந்து, கலப்பிரிவைத் தடுக்கும் புரதங்களைத் தூண்டுகின்றது. முளையத்தின் பெரும்பாலான கலங்கள் படியெடுக்குமுன்னரே நின்றுவிடுகின்றன. இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். நீரின்மையால் மட்டும் காத்திருக்கும் விதை நீர் பட்டதும் எழும். உறக்கத்திலுள்ள விதையோ நீர் பட்டாலும் எழாது. உமியும் உள்ளிருக்கும் ஓமோனும் அதனைத் தடுத்து வைக்கும். உலர்ந்த இடத்தில் வாரங்கள் செல்லச் செல்ல அத்தடை தளரும். அதன்பின் நீர் கிடைத்தால், கலம் முதலில் தன் மரபுப்பொருளிற் பழுதுற்ற இடங்களைச் செப்பனிடுகின்றது. பின்னரே படியெடுத்துப் பிரிகின்றது.

இவ்வுறக்கம் வீணானதன்று. அறுவடை வேளையில் மழை பிடித்துக்கொண்டால், உறக்கமில்லாத நெல் கதிரிலேயே முளைத்துவிடும். நம் கமக்காரரை ஒரு பருவத்திற் காப்பதும், மறு பருவத்தில் ஏய்ப்பதும் ஒரே குணமே.

எல்லாத் தரிப்பும் ஒருதன்மையதன்று. முற்றிய இலையின் கலங்கள் இயல்பாக மீண்டும் பிரிவதில்லை. தம் வேலையைச் செய்து உதிர்கின்றன. முருங்கைக் கிளையிற் கீழிருக்கும் அரும்புகளோ, நுனியரும்பிலிருந்து இறங்கும் ஒட்சின் என்னும் ஓமோனின் ஆட்சியில் அடங்கியிருக்கின்றன. நுனியை வெட்டுங்கள், அவை துளிர்க்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவோர் அறிந்ததும் இதுவே.

உறக்கம் எத்துணைக் காலம் நீளலாம்? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்னும் பேராசிரியர், 1879ஆம் ஆண்டில் 20 போத்தல்களில் விதைகளை மணலோடு நிரப்பிப் புதைத்தார். நெடிய இடைவெளிகளில் ஒவ்வொன்றாக எடுத்து முளைக்கவைப்பது அவர் திட்டம். அவர் 1924ஆம் ஆண்டிற் காலமானார், திட்டம் நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டில் எடுத்த போத்தலிலிருந்தும் சில விதைகள் முளைத்தன.

ஆகவே, கமக்கார அன்பர்களே, புதுநெல்லை விதைக்குமுன் நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் இட்டுப் பாருங்கள். முளையாதவற்றை விரலால் அழுத்துங்கள். குழைந்து பூஞ்சணம் பிடித்தது செத்தது. உறுதியாக இருப்பது உறங்குவதாகலாம். அந்நெல்லை மாட்டுக்கு இடாது, உலரவைத்துச் சில வாரங்கள் பொறுத்து மீண்டும் சோதியுங்கள்.

கடிதத்துக்கு வருகின்றேன். முளைத்த நாற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு நான் அயலவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் தந்தார். கமக்காரரோ அத்தட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குள்ளே போய்விட்டார். அவர் அயலவரின் படலையைத் திறக்க மறுபெரும்போகம் வரை சென்றது. அன்று தொட்டு, ஒரு மாணவனைப் பற்றி "இவன் தேறமாட்டான்" என்று எழுத நேரும்போதெல்லாம் என் பேனா சற்றே தயங்குவதுண்டு.